செம்புக்குடம் கடலுக்குப் போன கதை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும் என்று என் கணவர் சொல்வார். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிட இடைவெளி இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவள் நான். பிள்ளைகளின் விடைத்தாள்களைவிட உலோகங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லும் என்று நம்பி, பேட்டைப் பக்கம் ஒரு சின்ன பவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். குத்துவிளக்கு, கோயில் மணி, மோட்டார் புஷ், வால்வு என்று பித்தளையும் வெண்கலமும் வார்க்கிற இடம். உலைக்குள் என்ன போகிறது, உலையிலிருந்து என்ன வருகிறது என்று பார்ப்பது என் வேலை. முதலாளி முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் நான் இன்னும் டீச்சர்தான்.

அங்கே நான் அதிகம் பேசியதும் அதிகம் சண்டை போட்டதும் மேஸ்திரி அண்ணாச்சியோடு. உலையும் வார்ப்பும் அவர் பொறுப்பு. கல்லிடைக்குறிச்சிக்காரர், தினமும் காலை ரயிலில் வருவார். உருகிய உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வார். என்னுடைய வெப்பமானி பத்து டிகிரி முன்னே பின்னே அதையேதான் சொல்லும். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் உவரியிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஐஸ் பேக்டரி நடத்துகிறவர். ஒரு மீன் கூடையை என் மேசைமேல் வைத்தார். உள்ளே மீன் இல்லை, ஒரு பம்பின் மேல்கூடு இருந்தது. ஐஸ் மெஷினைக் குளிரவைக்கக் கடல் தண்ணீரை இழுத்துவிடும் பம்ப். கூட்டில் விரல் நுழைகிற ஓட்டைகள் நான்கு. மற்ற இடமெல்லாம் அப்பளம்போல மெலிந்திருந்தது.

“இந்தாங்க டீச்சர், நல்லா பாத்துக்கிடுங்க. வருசத்துக்கு ஒண்ணு கடலுக்குத் தின்னக் குடுக்கேன். இரும்பு போட்டேன், தின்னுட்டு. வெங்கலம் போட்டேன், கொஞ்சம் பைய தின்னுட்டு. மண்ணும் உப்பும் சேந்துல்லா அரிக்கி. சாளை சீசனுக்கு முன்னால ஒண்ணு வேணும். ஐஸ் இல்லைன்னா அவ்வளவு மீனும் கரையிலேயே கெடந்து நாறிரும்.”

முதலாளி இன்னொரு வெண்கலக் கூடு வார்த்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் குறுக்கே பாய்ந்தேன். “செம்பும் நிக்கலும் கலந்து வார்ப்போம்.” அதுவரை அங்கே யாரும் வார்த்திராத உலோகம் அது. மேசை இழுப்பறையில் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயம் கிடந்தது, அந்தக் காலத்துப் பெரிய நாணயம். அதை எடுத்து அக்காவின் கையில் வைத்தேன். “இதில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். உங்களுக்கு நிக்கலைக் கொஞ்சம் கூட்டி வைப்போம்.”

அக்கா நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செம்பா? செவப்ப எங்க காணோம்?”

அந்தக் கேள்விக்காகவே எனக்கு அந்த அக்காவைப் பிடித்துப்போனது. மூன்றில் இரண்டு பங்கு செம்பாக இருந்தும் ஒரு துளி சிவப்பு மிஞ்சாது. முப்பது பங்கு நிக்கல், அறுபத்தேழு பங்கு செம்பை வெள்ளிபோல வெளுக்கவைத்துவிடும். மீதி மூன்று பங்குக்குள்தான் சமையலே இருக்கிறது. இரும்பு ஒரு பங்குபோல. ஓடுகிற கடல் தண்ணீர் உரசும்போது மேலே படிகிற மெல்லிய காப்புத்தோல் பிய்ந்துபோகாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். மாங்கனீசும் கிட்டத்தட்ட அதே அளவு. உருகும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் கெட்டதுகளை அது வெளியே இழுத்து வரும். நயோபியம் கொஞ்சம், சிலிக்கன் அதிலும் கொஞ்சம், கரி இருந்தும் இல்லாத மாதிரி. இத்தனையும் சரியாக அமைந்தால் கடல் அதைத் தின்னாது. பாசியும் சிப்பியும்கூடச் செம்புக்குப் பயந்து அவ்வளவாக ஒட்டாது.

கூடாதது ஒன்று உண்டு. காரீயம். நூறு கிலோவில் பத்து கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தக் கூட்டில் குழாயை வெல்டிங் செய்து சேர்க்க வேண்டும். காரீயம் மிஞ்சினால் வெல்டிங் சூட்டில் உலோகம் கோடு கோடாக வெடித்துவிடும்.

இதை நான் மேஸ்திரி அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “டீச்சர், நாங்க மணி வாக்கும்போது ஒரு துண்டு காரீயம் போடுவோம். தண்ணியா ஓடும்லா. இது கஞ்சி மாதிரி இழுக்குமே, எப்படி மூலை முடுக்குக்கெல்லாம் போகும்?”

“சூட்டைக் கூட்டுங்க. காரீயம்னு ஒரு வார்த்தை இனி இங்கே வரக் கூடாது.”

“சொல்லக் கூடக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த வார்ப்புக்கென்று முதலாளி புதிதாக ஒரு மின் உலை வாங்கியிருந்தார். பழைய எண்ணெய் உலை அந்தச் சூட்டைத் தாங்காது. புது உலை என்றதும் ஒரு வழக்கம் கிளம்பியது. எங்கள் பவுண்டரியில் புது உலையில் முதல் முறை உருக்கும்போது வேலைக்காரர்கள் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு துண்டு உலோகம் போட வேண்டும். உடைந்த விளக்கின் திரிமூக்கு, மணியின் நாக்கு, பழைய பூட்டின் சாவி, எதுவானாலும் சரி. வீட்டு உலோகம் விழுந்த உலை வீட்டைக் காப்பாற்றும் என்பது நம்பிக்கை.

அவ்வளவும் பித்தளை. பித்தளை என்றால் துத்தநாகம் உண்டு, பெரும்பாலான பித்தளையில் கொஞ்சம் காரீயமும் உண்டு. உருக்குகிற நாள் காலையில் உலை முன்னால் நின்று, “எல்லோரும் பையைக் காட்டுங்க” என்றேன். நான் கேட்ட தொனி எனக்கே இப்போது காதில் ஒலிக்கிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முன்னால் துண்டுச்சீட்டு தேடுகிற தொனி. வரிசையில் வந்து ஒவ்வொருவராகத் தந்தார்கள். என் டிபன் பெட்டியைக் காலி செய்து அதில் போட்டுப் பூட்டினேன். மேஸ்திரி அண்ணாச்சி ஒன்றும் தரவில்லை. “நான் கொண்டாரலை டீச்சர். நீங்க வேண்டாம்னு சொன்னியல்லா” என்றார். நான் சும்மா விட்டிருக்கலாம். “சட்டைப் பை?” என்றேன். அவர் பையை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு கொட்டைப்பாக்கும் ரயில் சீசன் டிக்கெட்டும் இருந்தன.

அதே கெடுபிடியோடு செம்புக் கட்டிகளையும் சோதித்தேன். ஒரு கட்டியில் காரீயம் தெரிந்தது. ஒதுக்கினேன். மூன்று கிலோ செம்பு குறைந்தது. உலை சூடேறிக்கொண்டிருக்கிறது, கடை திறக்க இன்னும் நேரம் இருக்கிறது, முதலாளி என்னையே பார்க்கிறார். சட்டென்று எனக்கு வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் சீராகத் தந்த செம்புக்குடம், வருடக்கணக்காக அங்கே தூசி தின்றுகொண்டிருக்கிறது. ஆட்டோ பிடித்துப் போய் எடுத்து வந்தேன்.

கழுத்து வளையத்தை அறுத்து அதில் ஒரு துண்டைச் சோதித்தேன். அப்பழுக்கில்லாத செம்பு. மீதிக் குடத்தைச் சம்மட்டியால் தட்டி மடக்கி உலைக்குள் விட்டேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், என் வீட்டுக் குடம்தானே.

வார்ப்பு அருமையாக வந்தது. மேஸ்திரி அண்ணாச்சி சூட்டைக் கூட்டி, அச்சின் வாயை அகலப்படுத்தி, கஞ்சி என்று கேலி செய்த உலோகத்தை மூலை முடுக்கெல்லாம் ஓடவிட்டார். ஆறியதும் அச்சு மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு வெள்ளைப் பம்ப்கூடு. நான் காந்தத்தை வைத்துக் காட்டினேன், உள்ளே இரும்பும் நிக்கலும் இருந்தும் ஒட்டவில்லை. எல்லோரும் ஒருமுறை காந்தத்தை வாங்கி வைத்துப் பார்த்தார்கள். மாதிரித் துண்டைக் கோயம்புத்தூர் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து மிச்சத் துண்டில் வெல்டிங் போட்டுப் பார்த்தோம். ஆறும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். வெல்டிங்கை ஒட்டி மயிரிழைபோல ஒரு வெடிப்பு. இன்னொரு முறை போட்டோம், இன்னொரு ‘டிக்’. அன்று மத்தியானமே ஆய்வக அறிக்கை போனில் வந்தது. நான் நேரே காரீயத்தின் வரிக்குப் போனேன். நூறு கிலோவுக்கு ஏறத்தாழ அறுபது கிராம். அவ்வளவுதான், என் மூக்கு சிவந்தது.

“அண்ணாச்சி, சொல்லச் சொல்லக் கேக்காமப் போட்டுட்டீங்களே!”

உலைக்கூடமே நின்றுவிட்டது. மேஸ்திரி அண்ணாச்சி கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

“நான் போடலை டீச்சர்.”

“தண்ணியா ஓடும்னு சொன்னது யாரு? இந்த வார்ப்பும் நல்லா ஓடுச்சே, எப்படி?”

“நீங்க சூட்டக் கூட்டச் சொன்னிய. கூட்டினேன். ஓடுச்சு.” அவர் குரல் உயரவேயில்லை. “பையத் தொறந்து காட்டினேன். அதுக்கு மேல என்னத்தத் தொறந்து காட்ட?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாயங்கால ரயிலுக்குக் காத்திருக்காமல் பஸ்ஸுக்கே போய்விட்டார்.

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அந்தச் சூட்டில் அந்த உலோகத்தை வார்க்க அவரை விட்டால் எங்களிடம் ஆள் இல்லை. உவரிக்காரி அக்காவுக்கு இருந்ததோ இன்னும் பத்தே நாள். அன்று எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. நான் சொன்னது சரி என்ற திமிர் ஒன்றுதான் உடம்பெல்லாம் ஓடியது.

வீட்டுக்கு வந்து அறிக்கை இருந்த போனை மேசையில் போட்டுவிட்டு இட்லி அவித்தேன். என் கணவர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம் பழைய ரேடியோக்களைப் பிரித்துச் சால்டர் வைத்துக்கொண்டிருப்பார். கம்பிகளை ஒட்டவைக்க உருக்கி வைக்கும் அந்த ஈயக்கம்பி வாசனைதான் எங்கள் வீட்டு வாசனை. நான் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே இட்லி வைக்க, அவர் அறிக்கையைப் படித்துக்கொண்டே சாப்பிட்டார்.

“ஏட்டி, காரீயம் மட்டுமா சொல்லுத? வெள்ளீயமும்லா இருக்கு. காரீயம் அறுபது கிராம், இது தொண்ணூறு கிராம்.” சிரித்தார். “நாலுக்கு ஆறு. நம்ம சால்டர் கணக்கால்லா இருக்கு.”

அப்புறம் அவர் சிரிப்பு நின்றது. இட்லித் துண்டு சட்னியிலேயே நின்றது. தலையை மெல்ல உயர்த்திப் பரணைப் பார்த்தார்.

“அங்கன இருந்த செம்புக்குடம் எங்கட்டி?”

எட்டு வருடத்துக்கு முந்தைய ரகசியம் அன்று வெளியே வந்தது. நான் ஊரில் இல்லாத நாளில் குடத்தைக் கைதவறிப் போட்டு அடியில் விரிசல் விட்டிருக்கிறார். என் மூக்குக்குப் பயந்து, குடத்தை அடுப்பில் ஏற்றி, ஒரு முழுச் சுருள் சால்டரை உள்ளே உருகவிட்டு அடைத்திருக்கிறார். வெளியே புளி போட்டுப் பளபளவென்று விளக்கியிருக்கிறார். அந்தக் குடத்துத் தண்ணீரை யாரும் குடித்துவிடக் கூடாது என்ற பயம் வேறு. அதனால் அன்றைக்கே பரணில் ஏற்றிவிட்டார். வீட்டு வேலையில் உதவுகிறாரே என்று அப்போது நான் பக்கத்து வீட்டில் பெருமை வேறு பேசியிருந்தேன்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அண்ணாச்சியுடைய காரீயமாக இருந்திருந்தால் அதோடு வெள்ளீயம் சேர்ந்து வந்திருக்காது. முதல் வகுப்பில் தேறிய வேதியியல்காரிக்கு அடுத்த வரியைப் படிக்கத் தோன்றவில்லை. எல்லோருடைய வீட்டு உலோகத்தையும் பிடுங்கிப் பூட்டி வைத்துவிட்டு, அந்த உலையில் தன் வீட்டு உலோகத்தைப் போட்ட ஒரே ஆள் நான்.

மறுநாள் காலை ரயிலில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். அண்ணாச்சி ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். அவர் மனைவி மொட்டை மாடியில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னை மேலேயே கூப்பிட்டு, ஒரு மூலையில் முக்காலி போட்டார். நடுவில் வேட்டி வேட்டியாக அப்பளம். ஈரத் துண்டோடு படியேறி வந்த அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கமே நின்றுகொண்டார். அத்தனை அப்பளத்துக்கு இக்கரையிலிருந்து நான் சத்தமாகத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். கேட்கட்டும் என்று குடத்தின் கதையை முழுக்கச் சொன்னேன். சால்டர் கட்டம் வந்தபோது அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. “ஈயம் போட்டேன்னு சொன்னதுகூடப் போகுது டீச்சர். முப்பது வருசமா உலை முன்னால நிக்கேன். என் பையக் காட்டுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல.”

“தப்பு, அண்ணாச்சி. அந்தப் பையைக் கேட்டதுதான் பெரிய தப்பு” என்றேன். அது மனதிலிருந்து வந்தது.

கொஞ்ச நேரம் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். “வாரேன். உவரிக்காரம்மா என்ன பாவம் பண்ணிச்சு. ஆனா அன்னைக்கு நடந்த மாதிரியே நடக்கணும். எல்லாரும் வரிசைல நின்னு பையக் காட்டணும்.” நிறுத்தினார். “மொதல்ல நீங்க.”

நான்கு நாளில் நிக்கலும் செம்பும் திரும்ப வந்து சேர்ந்தன. கெட்டுப்போன கூட்டை முதலாளி, காரீயம் தாங்குகிற வேறு வால்வு வேலைக்கு உருக்கிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார். இரண்டாவது முறை உருக்கிய நாளில் உலை முன்னால் நான் முதல் ஆளாக நின்றேன். மேஸ்திரி அண்ணாச்சி என் கைப்பையை வாங்கி ஒரு சாக்கை விரித்து அதில் கவிழ்த்தார். சீப்பு, தலைவலி மாத்திரை, பாதி தின்ற கடலை மிட்டாய், எப்போதோ போன பஸ்ஸின் டிக்கெட்டுகள், ஒற்றைத் தோடு (இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்), வீட்டுச் சாவி. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். சாவியை மட்டும் தனியே எடுத்து, “பித்தளை” என்று முகத்தைக் கடுமையாக்கிச் சொல்லி, என் டிபன் பெட்டிக்குள் போட்டார். அன்றுதான் அந்தக் கூடத்தில் பழையபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. அதிகம் சிரித்தது நான்தான்.

பையின் அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தார். குடத்தின் கழுத்து வளையம்.

“இது என்ன?”

“அந்தக் குடத்தோட கழுத்து. அடியிலதான் ஈயம், இதில இல்லை. இந்தத் தடவை நாலு இடத்துல அறுத்துப் பாத்தாச்சு. நீங்க சரின்னாத்தான் போடணும்னு கொண்டுவந்தேன்.”

அண்ணாச்சி வளையத்தைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார். “ஏலே, பிடி. தொட்டுட்டு அடுத்த ஆளுக்குக் குடு. ஒவ்வொருத்தனும் வீட்ட நெனச்சுத் தொடுங்க.” என் பக்கம் திரும்பினார். “கையில காரீயம் இல்லல்லா டீச்சர்?”

“இல்லை அண்ணாச்சி.”

வளையம் கைக்குக் கை போனது. சிலர் கண்ணை மூடித் தொட்டார்கள், ஒருவர் நெற்றியில் ஒற்றிக்கொண்டார், முதலாளியும் வந்து தொட்டார். கடைசியில் என்னிடம் வந்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. உலைக்குள் போட்டேன். ஒரு கணம் சிவப்பாக மிதந்து, பிறகு வெள்ளைக்குள் காணாமல் போனது. என் கண் கலங்கியதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உலைச் சூடு என்று சொல்லியிருப்பேன்.

வெல்டிங்கில் இந்த முறை ‘டிக்’ இல்லை. நாங்கள் நான்கு பேர் காதை வைத்துக் காத்திருந்தோம், ஒன்றும் கேட்கவில்லை. ஆய்வக அறிக்கை வந்த மத்தியானம் நான் போனைத் தூக்கிக்கொண்டு உலைக்கூடத்துக்கு ஓடினேன்.

“காரீயம் இல்லை அண்ணாச்சி! கெடுவுக்குள்ள கூடு உவரிக்குப் போயிரும்!”

அவர் அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். மற்றவர்களையும் உட்காரச் சொன்னார்.

“எல்லா வரியையும் வாசிங்க டீச்சர். போன தடவ ஒரு வரிய விட்டுட்டிய.”

நான் நின்றபடி வாசித்தேன். செம்பு, நிக்கல், இரும்பு, மாங்கனீசு, நயோபியம், சிலிக்கன், கரி. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார். காரீயம், தடயம்கூட இல்லை. கடைசியாக வெள்ளீயத்தின் வரியையும், அது பூஜ்யமாகவே இருந்தாலும், சத்தமாக வாசித்தேன்.

“ம்” என்றார் மேஸ்திரி அண்ணாச்சி. “ஒங்க வீட்டுக்காரர ஒருநாள் கூட்டிட்டு வாங்க. குடத்துக்குள்ள அவ்வளவு சுத்தமா ஈயப்பத்து வச்சிருக்காரு, வெளிய தெரியலையே. நல்ல கை.”